ஈசாப் ராக்: 'லேபர் டேஸ்' பிடிச்சவங்களுக்கு 'பஸூக்கா டூத்' ஏன் உள்ள இறங்க மாட்டேங்குது?

காதுக்காரன் கேட்டது:

அமெரிக்க ராப்பர் ஈசாப் ராக்கோட ரெண்டு ஆல்பம் பத்தின கேள்வி. 'லேபர் டேஸ்' 2001 செப்டம்பர். சரியா ரெண்டு வருஷம் கழிச்சு, 2003 செப்டம்பர்ல, அதே டெஃபினிடிவ் ஜக்ஸ் லேபிள்ல 'பஸூக்கா டூத்'. ஆளும் அதே ஆள், குரலும் அதே குரல். 'லேபர் டேஸ்' ரெண்டாவது பாட்டுக்குள்ளயே இழுத்துப் போட்டுடுச்சு. 'பஸூக்கா டூத்'ல பாதி வரைக்கும் வந்தும் ஒரு வரி கூட மனசுல தங்கல. சத்தம் மட்டும்தான் ஞாபகம் இருக்கு.

பழைய விமர்சனங்களைப் படிச்சா ரசிகர்கள் ரெண்டா பிரிஞ்சிருக்காங்க. ஒரு கூட்டம் "மனுஷன் வேணும்னே கேட்கவிடாம பண்ணிட்டார்"னு சொல்லுது. இன்னொரு கூட்டம் "இதுதான் அவரோட உச்சம்"னு சொல்லுது. எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: சரிஞ்சது எழுத்தா, பீட்டா (குரலுக்குப் பின்னால ஓடற இசை), இல்ல குரலையும் பீட்டையும் கலக்கிற மிக்ஸ்ல வார்த்தை அமுங்குதா? இதை எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? எந்தப் பாட்டுல ஆரம்பிச்சா சரியா இருக்கும்? "கிளாசிக் ப்ரோ, இன்னும் பத்து தடவை கேளுங்க" மாதிரி பதில் வேணாம், ப்ளீஸ்.

லூப்வேட்டை:

ப்ரோ, முதல்ல கிரெடிட்ஸை எடுத்து வச்சுக்கோங்க. பாதி பதில் அதுலயே இருக்கு.

'லேபர் டேஸ்'ல பெரும்பாலான பீட் பிளாக்ஹெட்ங்கிற தயாரிப்பாளர் போட்டது. அவர் வேலை எப்படின்னா, ஒரு மெலடி லூப்பை (திரும்பத் திரும்ப ஓடற துண்டு) எடுத்து நாலு பார் (ஒரு பார்னா தாளத்துல நாலு தட்டு) நிம்மதியா ஓட விடுவார். டிரம்ஸ் முன்ன நிக்கும், மேல ராப்பருக்கு நிறைய இடம் கிடைக்கும். 'பஸூக்கா டூத்'ல 15 பாட்டு. அதுல பிளாக்ஹெட் மூணே மூணு: 7வது 'குக் இட் அப்', 10வது 'பேபீஸ் வித் கன்ஸ்', 13வது '11:35'. 9வது 'வீ ஆர் ஃபேமஸ்' எல்-பி போட்டது, அவரும் ராப்பர், தயாரிப்பாளர். மிச்சமெல்லாம் ஈசாப் ராக் அவரே.

இப்ப அந்த நம்பர்களைத் திரும்பப் பாருங்க. முதல் ஆறு பாட்டுல பழைய பிளாக்ஹெட் சத்தம் ஒரு துளி கூட இல்ல. 'லேபர் டேஸ்' காதோட வர்றவர் வரிசையாக் கேட்டா, பழகின ஒலி கிடைக்கிறதுக்கு ஏழாவது பாட்டு வரைக்கும் தாக்குப்பிடிக்கணும். நிறைய பேர் அதுக்குள்ள நிறுத்திடுவாங்க. எழுத்து மோசம்னு பேசினவங்கள்ல ஒரு பங்கு இந்த ஆறு பாட்டோட கழண்டவங்கன்னு நான் நினைக்கிறேன்.

அதனால வரிசையை மாத்துங்க. 13, 10, 7 முதல்ல. '11:35'ல மிஸ்டர் லிஃப்ங்கிற இன்னொரு ராப்பர் கூட இருக்கார், கதை சொல்ற பாட்டு, பிடிச்சுக்கிறது சுலபம். அப்புறம் 3வது 'ஈஸி', 4வது 'நோ ஜம்பர் கேபிள்ஸ்'. இந்த ரெண்டும் அவரோட சொந்த பீட்தான், ஆனா டிரம்ஸ் ஒரே பிடியில போகும். அதுக்கப்புறம் 8வது 'ஃப்ரீஸ்'. கடைசியா 1, 2. ஆல்பத்தோட வாசல்லயே வச்சிருக்கிற அந்த ரெண்டு பாட்டுதான் உண்மையில கடைசிப் பரீட்சை.

இன்னொண்ணு. நடுவுல 2002ல எல்-பியோட 'ஃபென்டாஸ்டிக் டேமேஜ்' வந்துச்சு, அதே லேபிள்தான். கரகரப்பு, சின்த் (சின்தசைசர்), திடுதிப்புனு உடையற டிரம்ஸ், எல்லாம் அதுல இருக்கு. அதைக் கேட்டு முடிச்சு 'பஸூக்கா டூத்'க்கு வந்தா, இது ஒண்ணும் அவ்வளவு முரடா தெரியாது. லேபிளோட ஒலியே அந்தப் பக்கம் நகர்ந்துட்டு இருந்த நேரம் அது. 'லேபர் டேஸ்'ல இருந்து நேரா குதிக்கிறவங்களுக்குத்தான் பள்ளம் பெருசா தெரியுது.

மிக்ஸ்மேசை:

வார்த்தை அமுங்குதான்னு கேட்டீங்களே, ஆமா, அமுங்குது. ஆனா அதுல உங்க கருவியோட பங்கு எவ்வளவு, ரெக்கார்டிங்கோட பங்கு எவ்வளவுன்னு தனித்தனியாப் பிரிக்கணும்.

பேச்சுல ஒரு வார்த்தையை இன்னொரு வார்த்தையிலிருந்து பிரிச்சுக் காட்டுறது மெய்யெழுத்துகள். அதோட ஆற்றல் பெரும்பாலும் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், 'ஸ்' 'ஷ்' மாதிரி ஒலிகள் இன்னும் மேல. ஸ்நேர் டிரம்மோட 'சுளீர்' சத்தமும், டிஸ்டார்ஷன் போட்ட சின்த்தோட பல்லும் அதே 2–5 கிலோஹெர்ட்ஸ்லதான் உட்கார்ந்திருக்கு. மெலடி லூப் வச்ச பீட்ல அந்த இடம் பெரும்பாலும் காலியா இருக்கும், குரல் வந்து நிம்மதியா உட்காரும். 'பஸூக்கா டூத்'ல அந்த இடத்துக்கு மூணு பேர் அடிச்சுக்கிறாங்க. வழக்கமா மிக்ஸ் பண்றவர் பீட்ல 2–4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ரெண்டு மூணு டெசிபல் குழி வெட்டி குரலுக்கு இடம் விடுவார், இல்லன்னா குரல் வரும்போது பீட் கொஞ்சம் தாழற மாதிரி சைடுசெயின் போடுவார். இந்த ஆல்பத்துல அந்த மரியாதை அதிகம் கிடைக்கல. பீட் குரலுக்கு வழிவிடாம பக்கத்துலயே நிக்குது.

குரலை ரெண்டு டேக் எடுத்து அடுக்கியிருக்கிற வரிகள்ல இன்னொரு சிக்கல் வரும். ரெண்டு டேக்கும் 20–40 மில்லிசெகண்ட் விலகினாலே மெய்யெழுத்து மங்கிடும். உயிரெழுத்து தடிமனாக் கேட்கும், 'ட்' 'க்' எல்லாம் பிசிறும். மெதுவாப் பாடினா பரவாயில்ல. இவ்வளவு நெருக்கமா வார்த்தை போகும்போது அதுவே வினை.

இனி உங்க பக்கம். மூணு சோதனை பண்ணுங்க.

ஒண்ணு, பாஸ் பூஸ்டை நிறுத்துங்க. தாழ்ந்த அதிர்வெண் மேல இருக்கிறதை மூடும். சத்தம் கூடக் கூட இந்த மூடல் இன்னும் மேல வரைக்கும் பரவும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ 4 டெசிபல் குறைச்சுட்டு, வால்யூமையும் வழக்கத்தை விடக் கொஞ்சம் இறக்கிக் கேளுங்க. வார்த்தை திடீர்னு தெளிஞ்சா, குற்றவாளி உங்க ஹெட்போன். சத்தமா வச்சாதான் ராப் புரியும்னு ஒரு நம்பிக்கை சுத்திட்டு இருக்கு. இந்த மாதிரி அடர்த்தியான மிக்ஸ்ல அது நேர் எதிரா வேலை செய்யும்.

ரெண்டு, குரல் நடுவுல இருக்கும், சின்த்தும் மத்த சத்தமும் பக்கவாட்டுல விரிஞ்சிருக்கும். மிட்-சைடு வசதி (நடுவையும் பக்கவாட்டையும் தனித்தனியா மாத்தற வசதி) உள்ள எந்த ஈக்வலைசர்லயும் சைடை 3–4 டெசிபல் இறக்கிப் பாருங்க. கிக்கும் ஸ்நேரும் நடுவுலயே இருக்கிறதால அது குறையாது. அதனால இப்பவும் வார்த்தை புரியலன்னா ஸ்நேர்தான் மறைக்குது, புரிஞ்சா சின்த். மோனோ ஆக்கிக் கேட்கிறது இதுக்கு மாற்று இல்ல. மோனோல பக்கவாட்டுச் சத்தமும் நடுவுல வந்து குரல் மேலயே விழும். போன்ல ஒத்தை ஸ்பீக்கர் வச்சுக் கேட்கிறவங்களுக்கு இந்த ஆல்பம் கூழா இருக்கிறது அதனாலதான்.

மூணு, ரெண்டு ஆல்பத்தையும் ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்துங்க. ஒரு டெசிபல் வித்தியாசம் இருந்தாலே சத்தமானது 'நல்லா இருக்கு'ன்னு காது சொல்லிடும். ஃபைல் கையில இருந்தா இலவச லவுட்னஸ் மீட்டர் ஒண்ணுல முழுப் பாட்டையும் ஓடவிட்டு இன்டக்ரேட்டட் எண்ணை (முழுப் பாட்டோட சராசரி சத்தம்) எடுங்க. ஒண்ணு மைனஸ் 10, இன்னொண்ணு மைனஸ் 12.5 எல்யூஎஃப்எஸ்னு (சத்தத்தை அளக்கிற அலகு) காட்டினா, முதலாவதை 2.5 டெசிபல் இறக்கணும். எப்பவும் சத்தமானதைத்தான் இறக்கணும். அமைதியானதை ஏத்தினா உச்சிகள் வெட்டுப்படும், அப்புறம் நீங்க கேட்கிறது வேற ஒரு மாஸ்டர்.

ஸ்ட்ரீமிங்னா, ஸ்பாட்டிஃபை இயல்பா மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்க்குச் சமப்படுத்தும். ஆனா ஆல்பத்தை வரிசையா ஓட்டினா முழு ஆல்பத்துக்கும் ஒரே அளவு குறைப்பு. பிளேலிஸ்ட்லயோ ஷஃபிள்லயோ போட்டா பாட்டுக்குப் பாட்டு தனி. ஆல்பத்துக்குள்ளயே அமைதியா விட்டிருக்கிற பாட்டு, பிளேலிஸ்ட்ல வேற மாதிரி மிரட்டும். லூப்வேட்டை சொன்ன வரிசைக்கு பிளேலிஸ்ட் போடுறீங்கன்னா இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

வரிவாசகன்:

எழுத்து சரிந்ததா என்ற கேள்விக்கு வருகிறேன். சரியவில்லை, கைப்பிடி போய்விட்டது.

'லேபர் டேஸ்' ஆல்பத்தில் 'நோ ரிக்ரெட்ஸ்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லூசி என்ற பெண். முதல் பகுதியில் அவளுக்கு 7 வயது, அடுத்ததில் 37, கடைசியில் 87. வாழ்நாள் முழுக்க வரைந்துகொண்டே இருக்கிறாள். நடுவில் பத்து வார்த்தை தவறவிட்டாலும் நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியும், வயது சொல்லிவிடுகிறது. ஆல்பத்தின் தலைப்பே வேலை, உழைப்பு என்று ஒரு சரடைக் கொடுத்துவிடுகிறது. கேட்பவர் அந்தச் சரடைப் பிடித்துக்கொண்டு புரியாத படிமங்களைத் தாண்டிப் போய்விடலாம்.

'பஸூக்கா டூத்' தருவது அந்த மாதிரிச் சரடு இல்லை. அது ஒரு பாத்திரம், ஒரு மனநிலை: நகரம், புகழ், கண்காணிப்பு, துப்பாக்கி, எரிச்சல். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே இருக்கும் பாலத்தை எழுதியவர் எடுத்துவிட்டார். 'பேபீஸ் வித் கன்ஸ்', '11:35' போன்ற பாட்டுகள் உடனே பிடிபடுவதற்கு பிளாக்ஹெட்டின் பீட் மட்டும் காரணம் அல்ல. அவற்றில் பொருள் ஒன்று நிலையாக நிற்கிறது. லூப்வேட்டை பீட்டுக்குக் கொடுத்த பெருமையில் பாதியை நான் இங்கே திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

சொல்வளம் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2014இல் ராப்பர்களின் முதல் 35,000 வார்த்தைகளை எடுத்து, அதில் ஒரு முறை மட்டும் எண்ணப்பட வேண்டிய தனிச் சொற்கள் எத்தனை என்று கணக்கிட்டார்கள். ஈசாப் ராக் 7,392 சொற்களுடன் பட்டியலின் உச்சியில் இருந்தார். முதல் 35,000 வார்த்தை என்றால் ஆரம்பகால ஆல்பங்கள்தான். ஆகவே கடினச் சொல் அவரிடம் தொடக்கத்திலிருந்தே உண்டு. அதுவே தடை என்றால் 'லேபர் டேஸ்' உங்களை முதலிலேயே துரத்தியிருக்க வேண்டும்.

வித்தியாசம் இடைவெளியில் இருக்கிறது. அதை அளந்தே பார்க்கலாம். நிமிடத்துக்கு 90 பீட் (இங்கே பீட் என்றால் தாளத்தின் ஒரு தட்டு) வேகத்தில் ஒரு பார் 2.67 விநாடி, அதில் பதினாறு கால்பீட்டுக் கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் அசை என்று எல்லாவற்றையும் நிரப்பினால் விநாடிக்கு ஆறு அசைகள். தாளில் 16 கட்டம் போட்டு, ஒரு பாரின் அசைகளை அதில் நிரப்புங்கள். எட்டுப் பார் போதும். பிறகு ஒவ்வொரு பாரிலும் நான்காவது பீட்டுக்குரிய கடைசி நான்கு கட்டங்களில் எத்தனை காலி என்று பாருங்கள். மூச்சு விடும் இடமும், கேட்பவர் வரியை மனதில் இறக்கி வைக்கும் இடமும் அதுதான். இரண்டு மூன்று கட்டம் காலியாக இருந்தால் வரி தங்கும். அதையும் நிரப்பிவிட்டு, எதுகையை அடுத்த பாரின் முதல் பீட்டைத் தாண்டிக் கொண்டுபோய் வைத்தால், காது எதுகையை எதிர்பார்த்த இடத்தில் காணாமல் தடுமாறும். இரண்டு ஆல்பத்திலிருந்தும் ஒவ்வொரு பாட்டை எடுத்து இதைச் செய்தால், எந்தப் பாட்டு ஏன் நழுவுகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

பாடல் வரி தளங்களைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் தடவை கேட்காதீர்கள். கண் முன்னால் ஓடும், காது சோம்பிவிடும். முதலில் வரி இல்லாமல். பிறகு ஒலி இல்லாமல் வரியை மட்டும் வாய்விட்டுப் படித்து, எங்கே மூச்சு முட்டுகிறது என்று பார்த்து. அதன்பின் இரண்டையும் சேர்த்து. ரசிகர்கள் எழுதிப் போட்ட வரிகளில் தவறுகள் இருக்கும், குறிப்பாகப் பெயர்ச்சொற்களில். விளங்காத வரியைப் பெரிய படிமம் என்று வியப்பதற்கு முன், அது பிழையாக எழுதப்பட்டதா என்று ஒலியில் சரிபாருங்கள்.

கத்தரி:

எல்லாரும் கேட்கிறவன் காதையே ரிப்பேர் பண்றீங்க. ஆல்பத்துக்கும் கொஞ்சம் பழி போடலாமே?

சுமார் 70 நிமிஷம் ஓடுது. சிடியில 74, 80 நிமிஷம் இடம் இருந்த காலம். இருக்கிற இடத்தை நிரப்பணும்னு அப்ப எல்லாருக்கும் ஒரு வியாதி. இவ்வளவு அடர்த்தியான எழுத்தும், இவ்வளவு அடர்த்தியான பீட்டும், 70 நிமிஷமும் மூணும் ஒண்ணா தாங்காது. எதையாவது ஒண்ணைக் குறைச்சிருக்கணும். 'லேபர் டேஸ்'ல எழுத்து அடர்த்தி, ஆனா பீட் மூச்சு விட்டுச்சு. அதனால நீளம் உறுத்தல.

ஒப்பிட்டுப் பாருங்க. ஏர்ல் ஸ்வெட்ஷர்ட்ங்கிற ராப்பர் 2013ல 'டோரிஸ்' போட்டுட்டு 2015ல அடுத்தது போட்டார். அதுலயும் பத்துல ஒன்பது பீட் அவரே போட்டது, அதுவும் இருட்டு, அதுவும் கரடுமுரடு. ஆனா பத்தே பாட்டு, 30 நிமிஷத்துல கதை முடிஞ்சுது. 'சொந்த பீட் போட்டதால ரசிகர்கள் ஓடிட்டாங்க'ங்கிற வாதம் அங்க செல்லாது. ஈசாப் ராக் கிட்டயே செல்லாது: 2012 'ஸ்கெலதான்' முழுக்க அவர் பீட், 2016 'தி இம்பாசிபிள் கிட்' முழுக்க அவர் பீட், ரெண்டையும் ரசிகர்கள் தூக்கி வச்சுக் கொண்டாடுறாங்க. நடுவுல 2007 'நன் ஷேல் பாஸ்'ல பிளாக்ஹெட் நிறைய பாட்டுக்குத் திரும்பி வந்தார். ஆக, 2003ல அவர் பீட் போட்டது தப்பில்ல. பீட்ல இருந்து எதை எடுக்கணும்னு 2003ல அவருக்கு இன்னும் கை வரல, அவ்வளவுதான். 'ஸ்கெலதான்' கேளுங்க, டிரம்ஸ் அதே முரடு, ஆனா குரல் வர்றப்ப சின்த் வாயை மூடிக்கும்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. கேனிபல் ஆக்ஸ்ங்கிற ராப் குழு, 2001ல 'தி கோல்ட் வெய்ன்'. மொத்த பீட்டும் எல்-பி. அடுத்த ஆல்பம் 'பிளேட் ஆஃப் தி ரோனின்' 2015ல, எல்-பி பீட் இல்லாம, பெரும்பாலும் பில் காஸ்மிக் போட்டது. குரல்கள் அப்படியே இருக்கு, எழுத்தும் மோசமில்ல. ஆனா கேட்டவங்க பேசினது முழுக்க இல்லாத பீட்டைப் பத்திதான். ரெண்டாவது ஆல்பம்னு சொல்லி ராப்பரைத் திட்டுற இடத்துல பாதி நேரம் ஆள் தேடுறது பழைய தயாரிப்பாளரைத்தான்.

என் கணக்குல 'பஸூக்கா டூத்'க்கு ஒன்பது பாட்டு போதும்: 3, 4, 7, 8, 9, 10, 13, 15, கூடவே 2. 'வீ ஆர் ஃபேமஸ்' நீளம்தான், இருந்தாலும் எல்-பியும் அவரும் மாறி மாறி வர்றதால தாங்குது. தலைப்புப் பாட்டை (1வது) ஏன் வெட்டினேன்னு சண்டைக்கு வருவீங்க, வாங்க.

வரிவாசகன்:

சண்டைக்கே வருகிறேன். முதல் பாட்டை வெட்டினால் பாத்திரம் யார் என்பதே போய்விடும்; மிச்ச ஒன்பதும் வெறும் கோபமாக ஒலிக்கும். வெட்ட வேண்டுமானால் 6வது, 12வது. நீளம் பற்றிச் சொன்னதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

காதுக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. பாஸைக் குறைச்சு, வால்யூமை இறக்கினதும் 'ஈஸி' வார்த்தை வார்த்தையாத் தெளிஞ்சிடுச்சு. 2வது பாட்டு 'என்.ஒய். எலக்ட்ரிக்' இன்னும் அடம்பிடிக்குது. சைடு குறைச்சும் அதே கதை. அப்ப இது எழுத்தோட நெருக்கமா, பீட்டான்னு உறுதியாச் சொல்ல வேற வழி இருக்கா?

லூப்வேட்டை:

இருக்கு. இந்த ஆல்பத்துக்குன்னே இருக்கு. 2004ல 'பில்ட் யுவர் ஓன் பஸூக்கா டூத்'னு ஒண்ணு விட்டாங்க. இன்ஸ்ட்ருமென்டலும் (பீட் மட்டும்) அகாபெல்லாவும் (குரல் மட்டும்). ரீமிக்ஸ் பண்றவங்களுக்காக விட்டது, ஆனா உங்க கேள்விக்கு இதைவிட நல்ல சோதனைக்கூடம் கிடையாது. குரலைத் தனியா எடுத்து எளிமையான பீட் மேல வைங்க. வார்த்தை அப்ப இறங்கினா பிரச்சினை பீட். அப்பவும் வழுக்கினா பிரச்சினை வரிவாசகன் சொன்ன கட்டக் கணக்கு.

செய்யற விதம்: முதல்ல இன்ஸ்ட்ருமென்டல்ல வேகத்தைக் கண்டுபிடிங்க. சாஃப்ட்வேர் தானா காட்டுறதை நம்பாதீங்க, டிரம்ஸ் உடையற பாட்டுல பாதி வேகமோ ரெட்டை வேகமோ காட்டும். டிரம்ஸ் நிலையா இருக்கிற இடத்துல 32 பீட் எண்ணி நேரம் எடுங்க. 1920ஐ அந்த விநாடியால வகுத்தா பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை பீட்). 21.33 விநாடி வந்தா 90. அப்புறம் இன்னும் நீளமான பகுதியில அதே கணக்கைப் போட்டு பின்னத்தைத் திருத்துங்க. இந்தப் பின்னத்துலதான் எல்லாரும் கோட்டை விடுவாங்க. நிஜ வேகம் 89.6ஆ இருந்து நீங்க 90னு வச்சா, 16 பாருக்குள்ள குரல் 0.19 விநாடி தள்ளிப் போயிடும். 90ல ஒரு கால்பீட்டே 0.167 விநாடிதான். அதாவது பதினாறு பார் முடியறதுக்குள்ள ஒரு முழுக் கட்டம் நழுவியாச்சு. "இவர் பீட்டுக்கு வெளிய ராப் பண்றார்"னு சொல்ற ரீமிக்ஸ்ல நிறைய இந்தக் கேஸ்.

அடுத்து, அகாபெல்லாவையும் இன்ஸ்ட்ருமென்டலையும் ஒண்ணா வச்சு ஒரிஜினல் பாட்டு மாதிரியே ஒலிக்கிற வரைக்கும் நகர்த்துங்க. ஒட்டினதும் ரெண்டையும் பூட்டிட்டு, இன்ஸ்ட்ருமென்டலை மியூட் பண்ணுங்க. அகாபெல்லாவோட அலைவடிவம் ஆரம்பிக்கிற இடத்தைக் கொண்டுபோய் பாரோட முதல் பீட்ல ஒட்டிடாதீங்க. இவர் முதல் ரெண்டு மூணு அசையை முந்தின பாரோட கடைசியிலேயே ஆரம்பிச்சுடுவார். அதை முதல் பீட்ல வச்சா எல்லா அழுத்தமும் தப்பான இடத்துல விழும். முன்னாடி இருக்கிற மௌனத்தையும் வெட்டாதீங்க. எம்பி3 ஃபைலா இருந்தா ஆரம்பத்துல சில பத்து மில்லிசெகண்ட் வெற்றிடம் தானா சேர்ந்திருக்கும். ரெண்டும் ஒரே வகை ஃபைலா இருந்தா பரவாயில்ல, ஒண்ணு எம்பி3 ஒண்ணு வேவ்னா கையால சரிபண்ணணும்.

புது பீட்டுக்கு ஒரு கிக், 2லயும் 4லயும் ஸ்நேர், ஒரு பாஸ், ரெண்டு பார் லூப் ஒண்ணு. அதுக்கு மேல எதுவும் வேணாம். வேகம் ஒத்து வரலன்னா பீட்டை நீட்டுங்க, குரலைத் தொடாதீங்க. குரலை அஞ்சாறு சதவீதத்துக்கு மேல இழுத்தா மெய்யெழுத்து தேய ஆரம்பிக்கும், அப்புறம் எதைச் சோதிக்கிறோம்னே தெரியாது. பீட்டை குரலுக்கு 4 டெசிபல் கீழ வச்சு ஆரம்பிச்சு, மெதுவா ஏத்துங்க. எந்த அளவுல வார்த்தை மறையத் தொடங்குதுன்னு குறிச்சுக்கோங்க. அப்புறம் மியூட் பண்ண ஒரிஜினல் பீட்டைத் திறந்து அதையும் அதே மாதிரி கீழ இருந்து ஏத்துங்க. ரெண்டு அளவுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் பீட் தின்ற இடம்.

மிக்ஸ்மேசை:

ஒரு திருத்தம். பழைய பீட்டையும் புது பீட்டையும் தனித்தனியா லவுட்னஸ் மீட்டர்ல சமப்படுத்திட்டு அப்புறம் ஏத்துங்க, இல்லன்னா அந்த டெசிபல் எண்ணுக்கு அர்த்தமில்ல. குரல் ஃபைல்ல ஏற்கெனவே கம்ப்ரெஷனும் எக்கோவும் சேர்ந்தே இருக்கும். எல்லாச் சத்தமும் சேர்ற மாஸ்டர் பஸ்ல லிமிட்டர் (உச்சிச் சத்தத்தை அமுக்கிற கருவி) போடாம ஒப்பிடுங்க. லிமிட்டர் இருந்தா கிக் விழும்போதெல்லாம் குரலும் சேர்ந்து அமுங்கும்.

கத்தரி:

இந்தச் சோதனையில 'என்.ஒய். எலக்ட்ரிக்' ஜெயிச்சாலும் ஒண்ணைக் கவனிங்க. எளிமையான லூப் மேல வச்சதும் வரி புரியும், ஆனா எரிச்சல் பாதி போயிடும். அந்த வரிக்கு அந்த இரைச்சல் வேணும்னுதான் மனுஷன் வச்சிருக்கார். எனக்கு அந்தப் பேரம் பிடிக்கல. வரிவாசகனுக்குப் பிடிச்சிருக்கு. ரீமிக்ஸ் முடிஞ்சதும் இங்க போடுங்க, நீங்க எந்தப் பக்கம்னு பார்ப்போம். ஃபைல் பேர்ல பிபிஎம் எழுத மறந்துடாதீங்க, பின்னத்தோட.